மரமில்லாத கித்தார்

சவுத்தாம்ப்டன், இங்கிலாந்து
14 பிப்ரவரி 1982

அன்பு பசுபதிக்கு,

நீயும் வாசுகியும் பிள்ளை பிரேமாவதியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். ஜேனுக்கு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது. எனக்கு அதே பட்டறை, அதே வேலை. பனி கொட்டித் தீர்த்துவிட்டது. சப்பாத்துக்குள் தண்ணீர் போய்க் கால் விறைத்துக்கிடக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புத்தாண்டு அன்று பாக்கார் ஆராங்குக்கு டெலிபோன் போட்டு அகத்தா அக்காவிடம் பேசினேன். வீட்டுக் கதை, கோயில் கதை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில், “பசுபதிதான் பாவம், கை போனதிலேருந்து எங்கேயும் வாசிக்க வர்றதில்ல” என்றார். எனக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார். எந்தக் கை, எப்போது என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியாது என்பது அக்காவுக்கே விளங்கியது. போன வருஷத்துக்கு முந்திய வருஷமே நடந்ததாமே?

அதற்குப் பிறகு நீ எனக்கு எழுதிய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். கடை நன்றாக ஓடுகிறது, மழை பெய்கிறது, ஜெராய் மலை மேகத்தில் மறைந்திருக்கிறது என்று இருக்கிறது. கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கையெழுத்து மட்டும் மாறவில்லை. வலது கை தப்பியது என்று அதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

தோட்டம் தோட்டமாக ஒரே லோரியில் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு போனவர்கள் நாம். பழனியாண்டியின் டிரம் நம் காலில் இடித்துக்கொண்டே வரும். எனக்குச் சொல்லாமல் இருக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

என்ன ஆயிற்று என்று எழுது. எல்லாவற்றையும் எழுது.

உன்
ஜூலியஸ்


சிவமயம்

யான், கெடா, மலேசியா
20 மார்ச் 1982

அன்புள்ள ஜூலியஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. நான் சமாதானம் சொல்லப்போவதில்லை.

அறுவடை நேரம். கடைக்கு அரிசி எடுக்க மில்லுக்குப் போயிருந்தேன். மூட்டையை நகர்த்தும்போது நீளச் சட்டையின் கை பெல்ட்டில் சிக்கியது. அவர்கள் இயந்திரத்தை உடனே நிறுத்திவிட்டார்கள், யார்மேலும் குறை சொல்ல முடியாது. அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்தில் மெர்கோங்கில் இருக்கும் ஜேனுடைய அம்மாதான் வாசுகிக்குச் சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்தார்கள். உனக்குச் சொல்லவேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டவன் நான்தான். அவர்கள்மேல் கோபப்படாதே.

இடது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன. இடையில் இருந்தவை இல்லை. கடை வேலைக்கு இது போதும். நிறுக்கிறேன், பொட்டலம் மடிக்கிறேன். நூல் சுற்றி முடிச்சுப் போடுவதுதான் வராது, அதை வாசுகி போடுகிறாள். பைக் ஓட்டுகிறேன். மீன்பிடிக்கப் போகிறவர்கள் விடியற்காலையில் கதவைத் தட்டினால் பழையபடி எழுந்து சாமான் கொடுக்கிறேன். யாரும் இப்போது கையை உற்றுப் பார்ப்பதில்லை.

எல்லாவற்றையும் எழுது என்றாய், என் கித்தாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது எனக்கு முன்னமே போய்விட்டது என்று வைத்துக்கொள். இந்தக் கடல் காற்றில் கழுத்து வளைந்து, கம்பி தாங்கும் கட்டை பெயர்ந்து வந்துவிட்டது. முடிவெட்டும் முருகையா கேட்டார், கொடுத்துவிட்டேன். அவர் கடைச் சுவரில் அழகுக்குத் தொங்குகிறது.

அதைப் பற்றி இனி எழுதவேண்டாம். வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது. ஜேனுக்கு என் அன்பு.

பசுபதி


சவுத்தாம்ப்டன்
5 செப்டம்பர் 1982

அன்பு பசுபதிக்கு,

இத்தனை மாதம் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் இப்போது கப்பலில் பினாங்குக்கு வந்துகொண்டிருக்கிறது.

எங்கள் பட்டறையில் என்ன செய்கிறோம் என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. ஹெலிகாப்டருக்கு இறக்கை செய்கிறோம். இரும்பிலோ மரத்திலோ இல்லை, கார்பன் நாரில். கரிதான் அது. மயிரைவிட மெல்லிய நாராக்கித் துணியாக நெய்து அனுப்புகிறார்கள். பார்வைக்குக் கறுப்புப் பாய் போல இருக்கும். அதைப் பிசினோடு அச்சில் அடுக்கி, காற்றை உறிஞ்சி, பெரிய அடுப்பில் வேகவைத்து எடுத்தால் இரும்பு தோற்கும். கையில் எடுத்தால் எடையே தெரியாது. வெயிலுக்கு விரியாது, மழைக்கு உப்பாது.

இது என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மழைக்கு உப்பாது, மழைக்கு உப்பாது என்று. எங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன். வெட்டிப்போடும் ஓரத் துணியை எடுத்துக்கொள், வேலை முடிந்து அடுப்பில் இடம் இருந்தால் வைத்துக்கொள் என்றார். பழைய சாமான் கடையில் ஒரு கித்தார் வாங்கி அதன்மேல் அச்சு எடுத்தேன். முதலில் செய்தது பிஸ்கட் டின் மாதிரி சத்தம் போட்டது. அடுத்தது சத்தமே போடவில்லை. ஜேன் அதில் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறாள். மூன்றாவதற்கு முகப்பை மெலிசாக்கி, உள்ளே தாங்கு சட்டங்களின் இடத்தை மாற்றினேன். கம்பி பூட்டித் தட்டியபோது பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பசு, இது இடக்கைக்காரனின் கித்தார். எல்லாம் எதிர்ப்பக்கம். வலது கை கம்பியை அழுத்தும், இடது கை மீட்டும். மீட்டுவதற்குக் கட்டை விரலும் சுண்டு விரலும் போதும் என்பது என் கணக்கு. கழுத்திலிருந்து அடிவரை ஒரு துண்டு மரம் இல்லை. கடல் காற்று அதை ஒன்றும் செய்யாது.

கப்பல் பயணத்துக்காகக் கம்பிகளைத் தளர்த்திவிட்டிருக்கிறேன். பெட்டியைப் பிரித்ததும் எப்படி இருக்கிறது என்று எழுது. ஆவலோடு காத்திருப்பேன்.

உன்
ஜூலியஸ்


சிவமயம்

யான்
11 டிசம்பர் 1982

ஜூலியஸுக்கு,

பெட்டி வந்தது. பினாங்கு கஸ்டம் ஆபீசுக்குப் போய், சுங்கச் சோதனை முடிந்து எடுத்துவந்தேன்.

அங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆபீசர் ஒரு மலாய்க்காரர், மரியாதையான மனிதர், நம் வயதுதான் இருக்கும். பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். கித்தார் என்றேன். மரமாக இல்லையே என்றார். விரலால் தட்டினார், தூக்கிப் பார்த்தார், உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தார். மரமில்லாத கித்தாரை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கடைசியில், “சூபா மாயின் சிக்கிட், பாங்” என்றார். கொஞ்சம் வாசித்துக் காட்டு என்கிறார். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். நான் கால்சட்டைப் பையிலிருந்து இடது கையை எடுத்து மேசைமேல் வைத்தேன். வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

அவருக்கு முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டார். பிறகு என் சங்கடத்தைப் போக்கவோ தன் சங்கடத்தைப் போக்கவோ, தானே அதைத் தூக்கி மடியில் வைத்து வாசிக்கப் பார்த்தார். கம்பி தளர்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கமாக வேறு கட்டியிருக்கிறது, ஒன்றும் சேரவில்லை. “இது உங்களுக்காகவே செய்ததா?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

ஃபெரியில் வரும்போது அதை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்மேல் எனக்கு வந்த கோபம் இதுவரை யார்மேலும் வந்ததில்லை.

நான் கேட்டேனா, ஜூலியஸ்? அதைப் பற்றி எழுதவேண்டாம் என்றுதானே எழுதினேன். நான் ஒருவிதமாக மனதைச் சமாளித்துக் கடையில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி அழுவதை நிறுத்திவிட்டாள். இப்போது நீ அங்கிருந்து ஒன்றை அனுப்பி, எழுந்து நட என்கிறாய். முடியாமல் போனால்? முதல் தடவை மில் செய்தது. இரண்டாம் தடவை நானே முயன்று தோற்றதாக ஆகும்.

பால்டின் பெட்டிகளுக்கு மேலே, பரணில் வைத்துவிட்டேன். உன் உழைப்புக்கு நன்றி. அது நல்ல உழைப்பு என்று பார்த்ததுமே தெரிந்தது. கொஞ்ச நாள் நாம் எழுதிக்கொள்ளாமல் இருக்கலாம்.

பசுபதி


சவுத்தாம்ப்டன்
2 பிப்ரவரி 1983

பசுபதிக்கு,

எழுதாதே என்கிறாய். இதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

உன்மேல் இரக்கப்பட்டு அதைச் செய்ததாக நீ நினைக்கிறாய். ஜேனும் அப்படித்தான் நினைத்தாள். இல்லை, பசு. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் யாரோடும் சேர்ந்து வாசித்ததில்லை. கித்தார் வாசிக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஒரு பாரில் வாரம் ஒருமுறை கூடுகிறார்கள், போய்ப் பார்த்தேன். நல்லவர்கள். ஆனால் நான் எங்கே நிற்பேன், எங்கே நகர்வேன் என்று அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் எங்கே போவார்கள் என்று எனக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்துவிட்டேன். என்றைக்காவது ஊருக்குத் திரும்பினால் நீ இருக்கிறாய் என்ற எண்ணத்தில் காலம் ஓடிற்று. அகத்தா அக்கா சொன்ன அன்று அது போயிற்று. நான் செய்தது எனக்காகத்தான். உனக்கு வலிக்கும் என்று யோசிக்கவில்லை.

வாசிக்கவேண்டாம். பரணிலேயே இருக்கட்டும். வெங்காயம் கட்டித் தொங்கவிட்டாலும் அது தாங்கும்.

வாசுகிக்கும் பிள்ளைக்கும் அன்பு.

ஜூலியஸ்


சிவமயம்

யான்
6 நவம்பர் 1983

அன்புள்ள ஜூலியஸுக்கு,

பல மாதம் கழித்து எழுதுகிறேன். நீ எழுதவில்லை, நான் சொன்னதை மதித்தாய். ஆனால் பிரேமாவதியின் பிறந்தநாளுக்கு அட்டை அனுப்பியிருந்தாய். அவள் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் காட்டினாள்.

இங்கே போன மாதம் பெரிய மழை. கடலும் ஏறி, மழையும் கொட்டி, கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழே இருந்த அரிசியை மேலே ஏற்றுவதில்தான் எங்கள் கவனம். கூரைத் தகரம் ஒன்று பிடுங்கிக்கொண்டதை விடிந்த பிறகுதான் பார்த்தோம். பரண் முழுக்கத் தண்ணீர். பால்டின் பெட்டிகள் கூழாகிவிட்டன. வாசுகி மேலே ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க நான் கீழே வாங்கினேன். கடைசியில் உன் பெட்டி. அட்டை கையோடு பிய்ந்து வந்தது. கித்தாரைச் சாய்த்தேன், குடத்திலிருந்து ஊற்றுவதுபோல் தண்ணீர் ஊற்றியது.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பிறகு வாசுகி தன் முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைக்கும்போது கம்பியில் கை பட்டு ஒலித்தது.

உனக்கு நான் எழுதாத ஒன்று. பினாங்கிலிருந்து கொண்டுவந்த அன்றே, கோபத்தோடு கோபமாக, அதற்குச் சுதி கூட்டித்தான் பரணில் ஏற்றினேன். தளர்ந்த கம்பியோடு ஒரு வாத்தியத்தை வைக்க எனக்குப் பழக்கமில்லை. இப்போது அந்தச் சுதி கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் ஆறு கம்பியும் ஒன்றுபோல இறங்கியிருந்தன. ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தன. தண்ணீர் சொட்டச் சொட்ட அது சுருதி தப்பாமல் நின்றது.

வாசுகி சொன்னாள்: “நீங்க வாசிக்கணும்னு நான் சொல்லல. ஆனா இத மறுபடியும் மேல ஏத்தச் சொல்லாதீங்க, எனக்குக் கை வலிக்குது.”

அதனால் அது கீழே இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில், எண்ணெய் டின்மேல் சாய்த்து வைத்திருந்தேன். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மத்தியான நேரத்தில் இங்கே யாரும் வரமாட்டார்கள், உனக்குத் தெரியும். ஒரு நாள் எடுத்து மடியில் வைத்தேன்.

ஜூலியஸ், என் வலது கை முட்டாள். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்து பார்த்தும் இடது கையிடமிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. எங்கே வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, அதற்குத் தெரியவில்லை. விரல்களை ஒரு கார்டில் அழுத்தி அடுத்த கார்டுக்கு மாற்றுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். விரல் நுனியெல்லாம் கொப்புளம். நம் பள்ளிக்கூட நாட்களில் இருந்த அதே எரிச்சல். காசை எண்ணும்போது எரிகிறது. அந்தக் கையில் சுண்டு விரல் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கிறது. இதுநாள்வரை அதற்கு வேலையே இல்லை அல்லவா, உற்சாகமாக இருக்கிறது.

உன் கித்தாரில் குறை உண்டு, சொல்லத்தான் வேண்டும். சத்தம் பெரிது, ஆனால் வெடுக்கென்று இருக்கிறது. மரம் முதலில் கொஞ்சம் யோசித்துப் பேசும். இது தொட்டவுடன் பேசிவிடுகிறது, தப்பை மறைக்கவே மாட்டேன் என்கிறது. மடியில் வைத்தால் சில்லென்று இருக்கிறது. மணமும் இல்லை. ஆனால் ஒரு சுரத்தை மீட்டிவிட்டால் அது போய்க்கொண்டே இருக்கிறது. நிறுத்த மனம் வராது.

கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. அவை இரும்புதானே, கடல் காற்று விடுமா? புதிது அனுப்ப முடியுமா?

அன்புடன்
பசுபதி


சவுத்தாம்ப்டன்
30 நவம்பர் 1983

அன்பு பசு,

இதோடு கம்பிகள். வெண்கலம் சுற்றியவை, கொஞ்சம் தாங்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடை.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் படித்தேன். குடத்திலிருந்து ஊற்றுவதுபோல் என்று எழுதியிருந்த இடத்தில் சிரிப்பு வந்து, பிறகு வேறு என்னவோ ஆகிவிட்டது. மேஸ்திரி வந்து ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆமாம், என் நண்பன் என் கித்தாரைக் குறை சொல்லியிருக்கிறான் என்றேன்.

வெடுக்கென்று இருப்பது உண்மைதான். பிசின் அதிகமாகிவிட்டது. நகம் வெட்டிவிட்டுச் சதையால் மீட்டிப் பார்.

உன்
ஜூலியஸ்


சிவமயம்

யான்
13 ஜனவரி 1985

அன்புள்ள ஜூலியஸுக்கு,

நாளை பொங்கல். கடையில் கரும்பு வந்து இறங்கியிருக்கிறது, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் இருவருக்கும் எங்கள் வாழ்த்து.

அகத்தா அக்கா சொல்லியிருப்பார். கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்கு உங்கள் பாக்கார் ஆராங் கோயிலில் வாசித்தேன். அவர்களிடம் வாசிக்கிற ஆள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாராம். அக்கா பஸ் ஏறி யானுக்கே வந்து கடையில் உட்கார்ந்துகொண்டார். நான் இந்து, எனக்கு உங்கள் பாட்டெல்லாம் தெரியாது என்றேன். “சாமிக்குத் தெரியும், நீ வா” என்றார். உன் அக்காவிடம் யார் பேசி ஜெயிப்பது?

எளிய கார்டுகள்தான். ஒரு வருஷப் பழக்கத்தில் அவ்வளவுதான் வரும். ஆனால் தப்பவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, ஆர்மோனியம் ஈரத்தில் இழுத்தது, உன் கித்தார் மட்டும் நின்றது. அத்தனை பேர் பாடும்போதும் அது மேலே கேட்டது. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்திற்று. முடிந்ததும் ஆட்கள் வந்தார்கள். கேக் கொடுத்தார்கள், பாராட்டினார்கள். எல்லாரும் கையைப் பார்த்தபடியே பாராட்டினார்கள். ஓர் அம்மா என் இடது கையைப் பிடித்துத் தன் பிள்ளைகளிடம் காட்டி, “பாருங்க, இந்தக் கையை வச்சிக்கிட்டே எப்படி வாசிக்கிறார்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். பாட்டு எப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. முன்பெல்லாம் நம்மைத் திட்டக்கூடச் செய்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? ரொம்ப இழுக்கிறாய், அடுத்த பாட்டுக்குப் போ என்று. இப்போது யாரும் திட்டமாட்டார்கள் போலிருக்கிறது.

சரி, அதை விடு. நல்ல கிறிஸ்துமஸ்.

அன்புடன்
பசுபதி


சவுத்தாம்ப்டன்
9 மார்ச் 1985

அன்பு பசு,

ஒரு பெரிய செய்தி. உட்கார்ந்து படி.

பட்டறையில் ஆர்டர் குறைந்துவிட்டது. இறக்கை தவிர வேறு என்ன செய்து விற்கலாம் என்று மேலிடத்தில் யோசிக்கிறார்கள். மேஸ்திரி என் கித்தாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பெரியவர் கூப்பிட்டுவிட்டார். முழுக்கக் கார்பன் நாரில் வாத்தியம், ஈர நாடுகளில் கெடாது என்று நான் விளக்கினேன். அவருக்குப் பிடித்துப்போயிற்று. யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன். மில், கை, வெள்ளம் எல்லாம் சொன்னேன். இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்றார்.

கித்தாரோடு உன் போட்டோ ஒன்று வேண்டும். கை தெளிவாகத் தெரியவேண்டும் என்கிறார். அதோடு நீயே சொல்வதுபோல் நாலு வரி, அதை நான் இங்கிலீஷில் எழுதிக்கொள்கிறேன். இது நடந்தால் தனிப் பிரிவு தொடங்கி என்னிடம் கொடுப்பதாகச் சொல்கிறார். யோசித்துப் பார், நாள் முழுக்கக் கித்தார் செய்வதுதான் என் வேலை. ஆட்குறைப்பு வரும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன்?

குவார் செம்பெடாக்கில் நல்ல ஸ்டூடியோ இருக்குமே. சீக்கிரம் அனுப்பு.

உன்
ஜூலியஸ்


சிவமயம்

யான்
19 மே 1985

அன்புள்ள ஜூலியஸுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். அதனால்தான் தாமதம்.

போட்டோ எடுக்கப் போனேன். நீ கேட்டு நான் போகாமல் இருப்பேனா? வாசுகி சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஸ்டூடியோக்காரர் சீனர், கெட்டிக்காரர். முதலில் சும்மா வாசிப்பதுபோல் எடுத்தார். பிறகு நீ எழுதியதை நான் சொன்னதால், கையைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். விளக்கை அந்தப் பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம், தௌக்கே, இன்னும் கொஞ்சம் என்று முதலாளிப் பட்டம் கொடுத்துச் சொன்னார். நான் உயர்த்திக்கொண்டே போனேன். கை கம்பியை விட்டே வந்துவிட்டது. எதிரில் கண்ணாடி இருந்தது. அதில் கை மட்டும்தான் தெரிந்தது, கித்தாரே தெரியவில்லை.

எழுந்துவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

போட்டோ அனுப்பமாட்டேன், ஜூலியஸ். உன் வேலை இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நீ என்னைக் கேட்பதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட்டாய், அதுகூடப் பரவாயில்லை. நீ உன் கதையாகவே அதைச் சொல்லியிருப்பாய், உன் கதையும்தான். ஆனால் ஊர் பேர் தெரியாதவர்கள் அந்தக் கையைப் பார்த்து ஒரு கித்தார் வாங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்தக் கடையில் உட்கார்ந்து ஒரு வருஷம் கொப்புளத்தோடு வாசித்தது அதற்காக இல்லை.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். நான் உன்னிடம் கோபப்பட்டபோது நீ என்னை விட்டுப் போகவில்லை.

போட்டோவுக்குப் பதிலாக இந்தக் கேசட்டை அனுப்புகிறேன். பெரியவருக்கு இல்லை, உனக்கு. பிரேமாவதியின் ரேடியோவில் பதிந்தது. கடையில் மத்தியானம் வாசித்தது, அதனால் இரைச்சல் இருக்கும். மூன்று மெட்டுகள். எதற்கும் பெயர் வைக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று சொல். திட்டினாலும் சரி.

பசுபதி


சவுத்தாம்ப்டன்
28 ஜூலை 1985

அன்பு பசு,

முதலில் பட்டறைச் செய்தி. போட்டோ வராது என்று பெரியவரிடம் சொன்னேன். ஏன் என்றார். “அது அவனுடைய கை” என்றேன். சில வாரம் கழித்து அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். போட்டோவால் இல்லை, செலவு கட்டாது என்று தெரிந்துவிட்டது. ஆட்குறைப்பில் மேஸ்திரி போய்விட்டார். நான் தப்பினேன், மறுபடியும் இறக்கைதான். வருத்தமில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இருந்தது. இரண்டு வாரம் உன் கேசட்டைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். ஜேன்தான் திட்டினாள். உன்னைக் கேட்காமல் நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது, பசு. அவள் அதையும் சொன்னாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, காரில் உட்கார்ந்து போட்டேன்.

திட்டச் சொன்னாய், அதனால் சொல்கிறேன். முதல் மெட்டு தேவையில்லாமல் நீளம். பாதியில் முடித்திருக்கலாம். இரண்டாவதில் நடுவே வேகம் ஏறுகிறது, அது உன் பழைய வியாதி. மூன்றாவது நன்றாக இருக்கிறது. நன்றாக என்றால், ஜேன் கதவைத் தட்டியும் நான் இறங்கவில்லை.

அதில் ஓர் இடம். நீ மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் குரல், “அண்ணே, பெலாச்சான் இருக்கா?” என்று சம்பலுக்கு இறால் விழுது கேட்கிறது. உன் கடைக்கு வழக்கமாக வரும் காளியம்மாவாக இருக்கும் என்று நினைக்கிறேன். “மேல் தட்டுல இருக்கு, எடுத்துக்க” என்கிறாய். கித்தார் நிற்கவே இல்லை. அந்த அம்மா எடுத்துக்கொண்டு போகிற சத்தமும் கேட்கிறது. நீ வாசித்துக்கொண்டே இருக்கிறாய். அந்த இடத்தை எத்தனை தடவை திருப்பிப் போட்டேன் என்று தெரியாது. அதில் நான் கையைக் கேட்கவில்லை, என் கித்தாரைக்கூடக் கேட்கவில்லை. கடையில் பசுபதி இருக்கிறான், அவ்வளவுதான்.

கேசட்டின் மறுபக்கம் காலியாக இருந்தது. நான் ஒரு கித்தார் வாங்கிவிட்டேன், மரத்தில் செய்த சாதாரணமானது. உன் மூன்றாவது மெட்டை வேறொரு கேசட்டில் பிரதி எடுத்து, அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே என் பங்கை மட்டும் அந்தப் பக்கத்தில் பதிந்து திருப்பி அனுப்புகிறேன். கடையில் யாரும் இல்லாத நேரத்தில் போட்டு, நீ அதோடு வாசி. இத்தனை வருஷம் கழித்து வாசிக்கிறேன், இரண்டு இடத்தில் நான் தடுமாறுகிறேன்.

நீ நிற்காதே. நான் வந்து சேர்ந்துகொள்வேன்.

உன்
ஜூலியஸ்